நலம் என்று சொன்ன மின்விசிறி

என் மேசை ஓரத்தில் ஒரு மின்விசிறி இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். கறுப்புப் பிளாஸ்டிக் சட்டத்துக்குள் ஏழு இறக்கைகள், அதில் ஒன்றின் நுனி உடைந்தது. பின்பக்கம் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று மூன்று கம்பிகள் எதனோடும் சேராமல் எலி வால் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கின்றன. கரன்ட் பில், கேஸ் ரசீது, பிள்ளையின் பள்ளிக்கூடக் காகிதம் எல்லாம் பறந்துவிடாமல் இருக்க அதன் அடியில்தான் செருகி வைப்பேன். காகிதம் பறக்காமல் இருப்பதற்காக ஃபேன் வைத்திருக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கல்யாணமான புதிதில் என் மனைவி சொன்னாள். அவளிடம் நான் வெகு காலம் சொல்லாத ஒன்று உண்டு. இந்த ஃபேனைத் திருடிவிட்டதாக நினைத்து ஒரு பெண்மணியை நான் மூன்று நாள் துப்பறிந்திருக்கிறேன். அந்த மூன்று நாளும் ‘ஃபேன் நலமாக இருக்கிறது’ என்று என் கண்ணெதிரே கம்ப்யூட்டர் திரையில் பச்சை வட்டம் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அந்த வட்டத்துக்குப் பச்சை பூசியவனும் நானேதான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. உத்திரமேரூர் கடைத்தெருவில் பாயின் ஹார்டுவேர் கடைக்கு மேலே, முதல் மாடியில் எங்கள் கம்பெனி. அதைக் கம்பெனி என்று எங்கள் மேனேஜர் ஒருவர்தான் கூச்சப்படாமல் சொல்வார். வெளிநாட்டில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, சென்னையில் செய்வதைச் சொந்த ஊரிலேயே செய்யலாம் என்று அடம்பிடித்துத் திரும்பி வந்தவர். கீழே பி.வி.சி. பைப்பும் மோட்டாரும் பெயின்ட் டப்பாவும். மேலே ஆறு கம்ப்யூட்டரும் ஒரு சர்வரும். தண்ணீர் மோட்டார் வாங்க வருகிற விவசாயிகளிடம் பாய், "கீழ ஹார்டுவேரு, மேல சாஃப்ட்வேரு, ரெண்டும் நம்ம கடைதான்" என்று சொல்லிக்கொள்வார். வாடகை வாங்குகிறவர் என்கிற முறையில் அது முழுப் பொய்யும் இல்லை.

நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை என் மாமனாருக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். பெரிய நிறுவனங்களில் ஒரு கூடம் நிறைய சர்வர்கள் இருக்கும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஃபேன், டிஸ்க், பவர் சப்ளை என்று உறுப்புகள். எது சூடாகிறது, எது சாகக் கிடக்கிறது என்று ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் உண்டு. அது ஃபேனிடம் நேரடியாகப் பேசாது. ஃபேனுக்கு ஒரு ஆள், டிஸ்குக்கு ஒரு ஆள் என்று நடுவில் தரகர்கள் வேண்டும். அந்தத் தரகர்களுக்கு ப்ரொவைடர் என்று பெயர். ஒவ்வொரு ப்ரொவைடரையும் ஒவ்வொரு கம்பெனி எழுதும். கல்யாண மண்டபத்தில் சமையலுக்கு ஒருவர், பந்தலுக்கு ஒருவர், மேளத்துக்கு ஒருவர் வருகிறார்கள் இல்லையா? யார் வந்தாலும் மண்டபத்துக்காரர் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் கேட்பார்: எத்தனை மணிக்கு வருவாய், எத்தனை பேர் வருவீர்கள், எல்லாம் தயாரா, எப்போது மூட்டை கட்டுவாய். அந்தக் கேள்விப் பட்டியல்தான் பேஸ் இன்டர்ஃபேஸ். எல்லா ப்ரொவைடரும் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பட்டியலை எழுதுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மண்டபத்துக்காரர் ஆகிவிட்ட மிதப்பு.

மிதப்போடு பயமும் வந்தது. காரணம், அந்தப் பட்டியல் ஒரு வெள்ளிக்கிழமை உறையப் போகிறது. கஸ்டமர் வந்து பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டால் பன்னிரண்டு கம்பெனிகளுக்கு அதை அனுப்புவார்கள். பிறகு ஒரு கேள்வியைக்கூட மாற்ற முடியாது. மாற்றினால் பன்னிரண்டு பேர் எழுதியதும் உடையும். ஊர்க் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்களிடம் பேசுகிற அதே கம்பீரத்தோடு மேனேஜர், "இந்த ஊர்ல ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே ரூல்ஸ கல்லுல வெட்டி வச்சிக் கீறாங்கப்பா, நீயும் அப்படி வெட்டணும்" என்பார்.  கல்லில் வெட்டியவனுக்குத் தப்பு நேர்ந்திருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்றுதான் நான் யோசிப்பேன்.

இனி டெஸ்டரம்மாவைப் பற்றி. பெயரைச் சொல்லப் போவதில்லை. அதற்குக் காரணம் கடைசியில் வரும். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தென்னேரிப் பக்கத்துக் கிராமம், நெல் விளைவிக்கிற குடும்பம். தினமும் வாலாஜாபாத் வந்து பஸ் மாறி எங்கள் மாடிப்படி ஏறுவார். நாங்கள் எழுதுவதையெல்லாம் உடைத்துப் பார்ப்பது அவர் வேலை. வேலை என்று சொல்வது பொருந்தாது, சுபாவம். பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டரிடம் ஒரு தடவை, டிரைவரிடம் ஒரு தடவை, உள்ளே உட்கார்ந்திருக்கிற பாட்டியிடம் ஒரு தடவை இது உத்திரமேரூர் போகுமா என்று கேட்பவர். டீயில் சர்க்கரை போட்டாயிற்று என்று சொல்லிக் கொடுத்தால் ஸ்பூனை விட்டுக் கலக்கி, சொட்டு நாக்கில் வைத்த பிறகுதான் குடிப்பார். எனக்கும் சந்தேகப் புத்தி உண்டு, ஆனால் அவர் பொருளைச் சந்தேகப்படுவார், நான் ஆளைச் சந்தேகப்படுவேன். அந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு வாரம் பிடித்தது, அந்த வாரத்தைப் பற்றித்தான் இது.

வெள்ளிக்கிழமை கஸ்டமர் வருகிறார். செவ்வாய்க்கிழமை காலை, சர்வரில் தூசி படிந்திருக்குமே, வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று மூடியைக் கழற்றினேன். பின்வரிசையில் மூன்று ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. நடுவில் ஒரு சதுர ஓட்டை. பல் விழுந்த வாய் மாதிரி அது என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் மூடியை மெதுவாக மூடிவிட்டு, ஒன்றும் நடக்காத முகத்தோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். எதிரே திரை. திரையில் வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று ஃபேன். மூன்றுக்கும் பச்சை வட்டம். மூன்றுக்கும் பக்கத்தில் ‘நலம்’. டெமோவுக்காகத் தமிழிலேயே எழுதி வைத்திருந்தேன், மேனேஜருக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று.

இன்றைக்கு யோசித்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. ஃபேன் இல்லை என்பதை இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு வருகிறேன். ஃபேன் நலம் என்று திரை சொல்கிறது. இரண்டில் ஏதோ ஒன்று பொய். மூளை உள்ள எவனும் திரையைத்தான் முதலில் சந்தேகப்படுவான். நான் திரும்பி அறையில் இருந்த மனிதர்களைப் பார்த்தேன். எவர் எடுத்தது?

சந்தேகம் நேராக டெஸ்டரம்மாவிடம் போய் நின்றது. ஏனென்றால் அறைக்கு முதலில் வருகிறவர் அவர். சாவி பாயிடம் இருக்கும், பாயிடமிருந்து வாங்குகிறவர் அவர். இரண்டு நாளாகச் சின்ன நோட்டு ஒன்றில் என்னமோ குறித்துக்கொண்டே இருந்தார். மணி அடித்த மாதிரி வந்து என் திரையை எட்டிப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். இதே வேலைக்குச் சென்னையில் இன்னொரு கம்பெனியும் போட்டியில் இருக்கிறது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அவ்வளவுதான், என் மண்டைக்குள் முழு நாவலே ஓடிவிட்டது. அவர்கள் ஆள் விட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சர்வர் சூடாகிச் செத்துப்போகும், கஸ்டமர் முன்னால் என் மானம் போகும், கல்லில் என் பெயருக்குப் பதிலாக வேறு யாரோ பெயர் வெட்டப்படும். அந்தப் பயத்தில் அன்று மத்தியானத்துக்குள் நான்கு முறை மாடிப்படி இறங்கிப் பின்பக்கக் கழிப்பறைக்குப் போய் வந்தேன். நான்காவது முறை பாய் கூப்பிட்டார்.

"இன்னா நைனா, வவுறு சரியில்லியா?"

நான் சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பாய், யாராச்சும் சின்னதா ஒரு ஃபேன வெலைக்குக் கொண்ணாந்தாங்களா?" என்றேன். கையால் அளவும் காட்டினேன். பாய் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"இத்தினியூண்டு ஃபேனா? எறும்புக்கு வேர்க்குதா இன்னா? எவன்யா வாங்குவான் இத்த? போய் எலுமிச்ச ஜூஸ் குடி, வெயிலு மண்டைக்கு ஏறிக்கீது."

புதன்கிழமை என் துப்பறிதல் அடுத்த கட்டத்துக்குப் போனது. டெஸ்டரம்மா கை கழுவப் போன நேரம் பார்த்து அவருடைய நோட்டைப் புரட்டினேன். வெட்கப்பட வேண்டிய காரியம்தான், அப்போது படவில்லை. பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்திருந்தார். இடப்பக்கம் கிழமையும் மணியும். வலப்பக்கம் ஒரே வார்த்தை, கீழே கீழே, பக்கம் நிறைய: நலம், நலம், நலம், நலம்.  சங்கேத மொழி என்று முடிவு கட்டினேன். நான் அறையில் இருக்கும் நேரத்தையெல்லாம் குறித்து வைக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். சாப்பிடும்போது அவருடைய ஒயர் கூடை நேற்றைவிடக் கொஞ்சம் புடைத்திருப்பதாகவும் பட்டது. சோற்றைப் பிசைந்தபடியே கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, "வத்தக்கொழம்பு வேணுமா சார்? கேளேன், ஏன் மொறச்சிக்கினு கீற?" என்றார். வேண்டாம் என்றேன். விஷம் கலந்திருக்கலாம் என்கிற எண்ணம் அரை நொடி வந்து போனதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

வியாழக்கிழமை காலை, மற்றவர்கள் வரும் முன்பு, மாடிப்படியின் நடுவில் நின்று அவரை மறித்தேன். ராத்திரி ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் எதுவும் வாயில் வரவில்லை. "சர்வர்ல இருந்த ஒரு ஃபேனைக் காணோம்" என்று முனகினேன்.

"தெரியுமே. நான்தான எடுத்தேன்" என்றார் அவர். படியிலேயே உட்கார்ந்து, கூடையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து வைத்துவிட்டு, அடியிலிருந்து தினத்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஃபேன். "திங்கக்கெழம காலைல கழட்டுனேன். ரெண்டு ஃபேனு இருந்தா மிசினு தாங்கும்னு மேனுவல்ல படிச்சிட்டுதான் கழட்டுனேன், பயப்படாத. நீ செஞ்சது கண்டுபுடிக்குதான்னு பாக்கலாம்னு. மூணு நாளா பாக்கறேன். ஒரு மணிக்கொரு தபா பாக்கறேன். நலம் நலம்னே சொல்லிக்கினு கீது. நீ மூடியத் தொறந்து பாத்தியே செவ்வாக்கெழம, அப்பவாச்சும் கேப்பன்னு பாத்தேன். நீ பாய் கடைக்குப் போயி விசாரிச்சிக்கினு கீற."

பாய் சொல்லிவிட்டார். கீழே கடையில் அவர் இருமுவது கேட்டது. சிரிப்பை அடக்குகிற இருமல்.

எப்படி நேர்ந்தது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பட்டியலில் ஏழு கேள்விகள். மூன்றாவது கேள்வி ‘நலமா?’ ஏழுக்கும் பதில் எழுதச் சொன்னால் ப்ரொவைடர் எழுதுகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று, அவர்களுக்குச் சிரமம் வேண்டாமே என நான் ஒரு சலுகை கொடுத்திருந்தேன். மூன்றாவதற்கு யாராவது பதில் எழுதாமல் விட்டால், அவர்கள் சார்பில் பேஸ் இன்டர்ஃபேஸே ‘நலம்’ என்று சொல்லிவிடும். ஃபேனுக்கான ப்ரொவைடரை எழுதியது வேறு யாரோ என்று நினைக்காதீர்கள், அதுவும் நான்தான். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று அந்த ஒரு பதிலை விட்டிருந்தேன். எத்தனை ஃபேன் என்பதற்கு மூன்று என்று கையால் எழுதி வைத்திருந்தேன். ஆக, ஃபேனை ஒருவரும் ஒன்றும் கேட்கவே இல்லை. அது இருக்கிறதா என்றுகூட. இந்தச் சலுகை எனக்கு எங்கிருந்து தோன்றியது என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். நாம் எழுதுகிற கடிதத்திலிருந்துதான். நான் இங்கு நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல். காய்ச்சலில் கிடந்தாலும் கை அந்த வரியை எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். எழுதுகிறோம் என்றே நினைப்பதில்லை. வேறு ஊர்க்காரன் ஒருவன் இந்த வேலையைச் செய்திருந்தால் வேறு தப்பு செய்திருப்பான். இந்தத் தப்பு அவனுக்குத் தோன்றியிருக்காது.

எனக்கோ தப்பை ஒப்புக்கொள்ளும் பழக்கம் கிடையாது, சிரித்துத் தப்பிக்கும் பழக்கம்தான் உண்டு. "ஊர்ல யாரைக் கேட்டாலும் நல்லா கீறேன்னுதான சொல்றாங்க, ஃபேன் மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றேன். டெஸ்டரம்மா சிரிக்கவில்லை. ஃபேனின் இறக்கையை ஒற்றை விரலால் தள்ளி விட்டுக்கொண்டே சொன்னார்.

"எங்க நைனா வடக்க ஒரு மில்லுல வாட்ச்மேனா இருந்தாரு சார். தண்ணி இல்லாத வருசம் பூட்டாரு. மாசம் ஒரு லெட்டரு வரும். அம்மாக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படிப்பேன். நலம்னு முத வரிய படிச்ச ஒடனே அம்மா எந்திரிச்சி அடுப்பாண்ட பூடும். அதுக்கு மேல அதுக்கு ஒண்ணும் வேணாம். கடசியா வந்த லெட்டர்லயும் நலம்னுதான் கீது. ஆனா கையெழுத்து வேற. ரூம்ல கூட இருந்தவரு எழுதி இருக்காரு. நைனாக்குப் பேனா புடிக்க முடியல. நலம்னு நைனா சொல்லல சார், அவுரா போட்டுக்கினாரு. எல்லாரும் போடறதுதான? நல்ல மனுசன்தான் பாவம்."

சுற்றி நின்ற இறக்கையை மறுபடி தள்ளி விட்டார்.

"அப்பால முத்திரைய பாத்தா பன்னெண்டு நாளு பழைய லெட்டரு. அன்னிக்கு நான் கையெழுத்தயும் பாக்கல, தேதியயும் பாக்கல. படிச்சிட்டு மடிச்சி சாமி படத்தாண்ட வச்சிட்டேன். ரெண்டு நாளு கயிச்சி போனு வந்துச்சி." ஃபேனை என் கையில் வைத்தார். "உன் ஃபைலும் அந்த ரூம்காரரு மாதிரிதான் சார். ஃபேனு வாயே தொறக்கல, இது நலம்னு போட்டுக்கினு கீது. தெரியலன்னா தெரியலன்னு போடு. எப்ப கேட்டதுன்னு பக்கத்துல நேரம் போடு. அவ்ளதான்."

ஃபேனைக் கையில் பிடித்தபடியே மாடி ஏறிப்போய் அந்தக் கோப்பைத் திறந்தேன். 

மாற்றியது மொத்தம் பத்துப் பதினைந்து வரி இருக்கும். யாரும் பதில் எழுதாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று வரும், சாம்பல் நிறத்தில். பதில் வந்தால் அது எத்தனை மணிக்கு வந்தது என்று பக்கத்தில் வரும். மத்தியானம் கரன்ட் போவதற்குள் ஓட விட்டுப் பார்த்தேன். டெமோவுக்காக எங்கள் அறையிலேயே எழுதிய ஒன்பது ப்ரொவைடரில், ஃபேனையும் சேர்த்து, ஆறு சாம்பல். இத்தனை நாளும் பச்சையாக இருந்த அந்த ஆறும் யாரும் எதுவும் கேட்காமலே பச்சையாக இருந்திருக்கின்றன. நான் ஃபேனுக்கான பதிலை மட்டும் உட்கார்ந்து எழுதினேன்; மஞ்சள் கம்பி ஒன்று சும்மா தொங்குகிறதே என்று நினைத்திருந்தேன், அதுதான் ஃபேன் சுற்றுகிற வேகத்தைச் சொல்கிற கம்பி. உடனே நடு ஃபேன் சிவப்பானது. மற்றவற்றை எழுத நேரமில்லை. மேனேஜர் வந்து திரையைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா இது, ஸ்க்ரீனு ஜுரம் வந்த மாதிரி கீது? காலைல பச்சப் பசேல்னு இருந்துச்சேயா! நாளைக்கு ஆளுங்க வராங்க. பழசயே போடு. அப்பால மாத்திக்கலாம்."

அப்பால மாற்ற முடியாது என்பது அவருக்கே தெரியும். வெள்ளிக்கிழமைக்கு அப்பால் எதுவும் இல்லை.  பழசைப் போட்டால் நான் தப்பித்தேன். திரை அழகாக இருக்கும், என் பெயர் கல்லில் ஏறும். தெரு முனைக் கடைக்குப் போய் மூன்று வடை தின்றேன், பயத்தில் எனக்குப் பசிக்கும். திரும்பி வந்து, மாற்ற மாட்டேன், வேண்டுமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வீரம் போலத் தெரியலாம். மேனேஜரை முறைத்துப் பேசவில்லை, ஜன்னலைப் பார்த்துத்தான் பேசினேன். ஜன்னலுக்கு எதிரே டெஸ்டரம்மா நின்றிருந்தார்.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து காரில் இருவர் வந்தார்கள். மூத்தவர் அதிகம் பேசாத மனிதர். நான் பேசுவதையெல்லாம் மூக்கு நுனியில் மாட்டிய கண்ணாடி வழியாகக் கேட்டார். ஃபேனைத் திரும்ப மாட்டியிருந்ததால் சிவப்பு இல்லை; திரையில் மிச்சமிருந்த ஐந்து சாம்பல் வட்டங்களைக் கண்டதும் பேனாவால் தட்டி, இது என்ன என்றார். இதோ போயிற்று என்று நினைத்தேன். "அதுங்க இன்னும் பதில் சொல்லலை சார். நல்லாயிருக்குதா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாது" என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "எங்க கிட்ட காட்ட வர்ற எல்லாரும் முழுப் பச்சையாத்தான் காட்டுவாங்க" என்றார் பிறகு. பாராட்டா, குத்தலா என்று தெரியவில்லை. நோட்டில் என்னமோ எழுதினார். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "இது யாரோட யோசனை?"

அந்த நேரம் பார்த்து டெஸ்டரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் தட்டு, தட்டில் டீ. அறையில் இருந்த ஒரே பெண் என்பதால் வந்தவர்களுக்கு டீ கொண்டுவரும் வேலை எப்போதும் அவருடையதாகிவிடும். யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

"என்னுடையதுதான் சார்" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தும் சொல்லவில்லை. என்னைக் கேட்காமலே என் வாய் எனக்காகப் பதில் போட்டுவிட்டது. டெஸ்டரம்மா தட்டை வைத்தார். ஒவ்வொரு டம்ளரையும் சிந்தாமல் எடுத்து வைத்தார். எனக்குக் கொடுக்கும்போது, "சர்க்கர போட்டுக் கீது சார், பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் பட்டியல் உறைந்தது. கோப்பின் முதல் வரியில் ‘எழுதியவர்’ என்ற இடத்துக்கு நேரே என் பெயர் ஒன்றுதான் இருந்தது. பன்னிரண்டு கம்பெனிகளுக்கும் அதுவே போனது.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எந்த வித்தியாசமும் காட்டவில்லை. அதுவே என் சந்தேகத்தை வளர்த்தது. மேனேஜரிடம் சொல்லியிருப்பாரோ, கஸ்டமருக்குக் கடிதம் எழுதுவாரோ, பாயிடமாவது சொல்லியிருப்பாரோ என்று அவர் முகத்தை நான் மாதக்கணக்கில் வேவு பார்த்தேன். நல்லா கீறீங்களா என்று கேட்டால் நல்லா கீறேன் என்பார். கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வருடம் கழித்துச் சென்னையில் வேலை கிடைத்துப் போனார். போகிற அன்று அதே தினத்தாள் பொட்டலம். சர்வரில் வேறு ஃபேன் மாட்டியபோது இறக்கை நுனி உடைந்துபோன இதை ஓரமாகப் போட்டிருந்தோம். "வச்சிக்க சார். எப்பனாச்சும் நல்லா கீறியான்னு கேட்டுப் பாரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கேட்டதில்லை.

அந்தச் சாம்பல் நிறத்தைச் சொல்லியே பிற்பாடு இரண்டு இன்டர்வியூவில் தேறியிருக்கிறேன். சொல்லும்போது ‘நாங்கள்’ என்று தொடங்கி ‘நான்’ என்று முடிப்பேன்.

போன மாதம் உத்திரமேரூர் வழியாகப் போக வேண்டி வந்தது. பாயின் கடையில் இப்போது மகன் உட்கார்ந்திருக்கிறார். மாடியில் கோச்சிங் சென்டர். பாய் உள்ளேயிருந்து வந்து என்னை அடையாளம் கண்டு, எறும்புக்கு ஃபேன் கிடைத்ததா என்றார். பேச்சுவாக்கில் டெஸ்டரம்மாவின் நம்பர் அவரிடம் இருப்பது தெரிந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அவர் பாய்க்குப் போன் செய்வாராம். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் இரண்டு நாள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் காலை, மனைவி கடைக்குப் போயிருந்த நேரம், அடித்தேன். குரல் மாறவே இல்லை. ஒரு பெரிய இடத்தில் நாற்பது டெஸ்டர்களுக்குத் தலைவி. கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினோம். பிறகு, "அந்த ஃபேனு கீதா சார்?" என்றார்.

"கீது."

"ஓடுதா?"

"சூப்பரா ஓடுது" என்றேன்.

"கடசியா எப்ப பாத்த?"

நான் மேசையைப் பார்த்தேன். கரன்ட் பில்லுக்கு மேல் ஃபேன், மூன்று கம்பியும் காற்றில். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதைக் கரன்டில் கொடுத்ததில்லை. அதைச் சொன்னேன். சொன்ன கையோடு, பல வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னேன்: அந்த ஃபைல்ல உங்க பேரைப் போட்டிருக்கணும். அன்னைக்குக் கேட்டப்ப உங்களைத்தான் காட்டியிருக்கணும்.

"தெரியும் சார். அன்னிக்கே பாத்தேன். டெஸ்டரு பாக்காம இருப்பேனா?" என்றார். "நீயா சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன். இவ்ளோ நாளு சாம்பலாவே இருந்த."

இப்போதாவது எங்கேயாவது உங்கள் பெயரைப் போட்டு எழுதுகிறேன் என்றேன். "பேரு கீரு போடாத சார். ஆபீஸ்ல ஓட்டுவானுங்க. டெஸ்டர்னு போடு, போதும். முதல்ல ஃபேனுக்குக் கரன்ட் குடு."

போனை வைத்துவிட்டு, பழைய மோடத்தின் அடாப்டர் ஒன்றைத் தேடி எடுத்தேன். கம்பி நுனியைப் பல்லால் சீவி, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முறுக்கினேன்.  சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. உடைந்த இறக்கையை ஒற்றை விரலால் லேசாகத் தள்ளி விட்டேன். ஒரு முனகல், ஒரு இருமல், பிறகு சுற்றத் தொடங்கி, வேகம் பிடித்து, அடியில் இருந்த கரன்ட் பில்லையும் கேஸ் ரசீதையும் பள்ளிக்கூடக் காகிதத்தையும் அறை முழுக்கப் பறக்க விட்டது. பையோடு வாசலில் வந்து நின்ற மனைவி, என்ன நடக்கிறது இங்கே என்றாள். சொல்கிறேன், உட்கார் என்று சொல்லிவிட்டு, காகிதங்களைப் பொறுக்குவதற்கு முன் டெஸ்டரம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன்: ஓடுகிறது. தள்ளி விட வேண்டியிருந்தது. பார்த்த நேரம், காலை பத்தே கால்.